கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடினோம். விளையாட்டு என்று பேர்தான், சிரிப்புச் சத்தம் கேட்டது முதல் ஒரு மணி நேரம் மட்டும். ஆறு பேர் ஒரு விண்கலத்தில் செவ்வாய்க்குப் போகிறோம், ஏழாவது ஆள் பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம். பகடை, சீட்டுக்கட்டு எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு பொறுப்பு, எழுதிக் கொடுக்கத் துண்டுத் தாள், சுவரில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். கூடம் கலத்தின் முன்பகுதி, படுக்கையறை பின்பகுதி. எஞ்சினை இயக்கும் பலகை பின்பகுதியில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

கதை இதுதான். செவ்வாயில் இறங்க வேண்டிய சிறு கலத்தில் ஒரு வால்வு பழுது. பாதி வழிக்கு மேல் வந்தாகிவிட்டது. பூமியிலிருந்து உத்தரவு வருகிறது: இறங்க வேண்டாம், கோளை ஒட்டி வளைந்து அப்படியே திரும்பி வாருங்கள். அதற்கு 30 மணி நேரத்துக்குள் எஞ்சினை ஒருமுறை இயக்கியாக வேண்டும். எங்கள் இன்ஜினியர் அந்த வால்வைத் தானே சரிசெய்துவிட்டதாக நம்புகிறான், பூமி அதை ஏற்கவில்லை. அவன் பின்பகுதிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறான். சமாதானம் பேசலாம் என்று டாக்டர் உள்ளே போகிறார். கதவு சாத்தப்படுகிறது. இறங்குவோம் என்று பூமி வாக்குக் கொடுக்கும் வரை எஞ்சினையும் தொட விடமாட்டேன், டாக்டரையும் வெளியே விடமாட்டேன் என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

டாக்டராக இருந்தது எங்களில் ரொம்பச் சின்னவன். எல்லோருக்கும் அவன் தம்பி, அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை. நான் கேப்டன். கடிகாரத்தில் நான்கு நிமிடம் ஓடினால் கலத்தில் ஒரு மணி நேரம் என்று கணக்கு. ஆக எங்களுக்கு இருந்தது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் முதலில் வேறு விஷயங்கள்தான் வந்தன, ஏனென்றால் விளையாட்டு முடிந்த மறுநாளிலிருந்தே நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், நிஜத்தில் இப்படி நடக்குமா, நடந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று.

விண்வெளியில் யாரும் யாரையும் பணயம் வைத்தது இல்லை. ஆனால் மிக அருகில் வந்த ஒரு கணம் உண்டு. 1985 ஏப்ரல் 29 அன்று சாலஞ்சர் என்கிற அமெரிக்க விண்வெளி ஓடத்தில், அதாவது ஷட்டிலில், ஏழு பேர் போனார்கள். அதில் ஒருவர் டெய்லர் வாங் என்கிற இயற்பியலாளர், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர். எடையில்லாத நிலையில் திரவத்துளிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்காகத் தன் வாழ்நாளின் பல வருடங்களைக் கொடுத்து ஒரு கருவியை உருவாக்கியிருந்தார். மேலே போய்ச் சேர்ந்து அதை இயக்கினால் மின்சாரக் கோளாறு, வேலை செய்யவில்லை. நானே பழுது பார்க்கிறேன், நேரம் கொடுங்கள் என்று கேட்டார். தரையில் இருந்த கட்டுப்பாட்டு மையம் முதலில் மறுத்தது. அப்போது அவர் சொன்னார், பழுது பார்க்க விடாவிட்டால் நான் திரும்பி வரமாட்டேன் என்று. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் அனுமதி கிடைத்தது. கருவிப் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கால் மட்டும் வெளியே தெரிய, மணிக்கணக்கில் வேலை பார்த்து அதைச் சரிசெய்தார், சோதனையையும் செய்து முடித்தார், மே 6 அன்று எல்லோரோடும் தரையிறங்கினார்.

அவர் யாரையும் மிரட்டவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதைதான். ஆனால் அந்த வாக்கியம் காதில் விழுந்தபோது கூட இருந்த ஆறு பேருக்கும் வயிற்றில் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் திரும்ப மாட்டேன் என்றால் யாருமே திரும்ப முடியாத கலம் அது.

அந்தக் காலத்தில் சில ஷட்டில் பயணங்களில் பக்கவாட்டுக் கதவின் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஹென்றி ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்கிற ஷட்டில் கமாண்டர் நாசாவுக்குக் கொடுத்த நேர்காணலில் இதைச் சொல்கிறார். ஒரு பயணத்தில் கூட வந்த ஒருவர் அந்தக் கதவிலேயே கண்ணாக இருந்தாராம், இந்தக் கைப்பிடியைத் திருப்பினால் போதுமா, காற்றெல்லாம் வெளியே போய்விடுமா என்று கேட்டாராம். அதற்கப்புறம்தான் பூட்டு. இரவும் பகலும் உடன் இருப்பவரை நம்பாமல் மாட்டுகிற ஒரு சின்னப் பூட்டு. அதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. சாவியை யார் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் அந்தப் பூட்டைப் பார்த்தபோது அவர்கள் மனதில் யாருடைய முகம் வந்தது?

சரி, எங்கள் கதவுக்கு வருகிறேன்.

பணயம் வைப்பதற்குச் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. 1979-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின்படி, ஒருவரைப் பிடித்து வைத்து, கொல்வேன், காயப்படுத்துவேன், விடமாட்டேன் என்று மிரட்டி, மூன்றாவது ஒரு தரப்பை ஒன்றைச் செய்ய வைப்பதோ செய்யாமல் தடுப்பதோதான் குற்றம். மூன்றாவது தரப்பு என்பது முக்கியம். வங்கிக்குள் கொள்ளைக்காரன், அவன் கையில் ஊழியர், வெளியே அரசாங்கம். யார் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இல்லை. விண்கலத்தில் மிரட்டலைக் கேட்க வேண்டியது பூமி. ஆனால் பூமிக்கும் கதவுக்கும் நடுவில் நான்கு பேர் மிதந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பணயக்கைதிகளா, அரசாங்கமா, அக்கம்பக்கத்துக்காரர்களா? எங்கள் நான்கு பேருக்கும் இது முதல் பத்து நிமிடத்திலேயே புரியாமல் போனது.

அதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே இருந்தவன் அந்நியன் இல்லை. உத்தரவு வந்த உடனே, அதாவது கதவு சாத்தப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு, நாங்கள் ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து புலம்பியிருந்தோம். புவியியல் ஆராய்ச்சியாளராக இருந்த நண்பன், "இவ்வளவு தூரம் வந்துட்டு எட்டிப் பார்த்துட்டுப் போறதா? அந்த வால்வுல ஒண்ணுமே இல்லடா" என்றான். தம்பியும் தலையாட்டினான். நான்கூட வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆக இன்ஜினியர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது, எங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆசைப்பட்ட ஒன்றை. பிளவு அந்தக் கதவால் வரவில்லை, அது முன்பே இருந்தது. அதுவரை அதை வெறும் கருத்து வேறுபாடு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பைலட்டாக இருந்த தோழியும் கணினியைப் பார்த்துக்கொண்டவனும் ஒரு பக்கம். கேட்பது சரியோ தப்போ, ஆளைப் பிடித்து வைத்துக் கேட்டதற்கு இணங்கினால் அப்புறம் இந்தக் கலத்தில் யார் எதற்கு வேண்டுமானாலும் கதவைச் சாத்துவார்கள் என்பது அவர்கள் வாதம். புவியியல்காரன் மறுபக்கம். "அவன் கேக்குறது நியாயம். நாம நாலு பேரும் சேர்ந்து பூமிக்குச் சொல்லுவோம், நாங்களும் இறங்கணும்னுதான் நினைக்கிறோம்னு. அவன் கதவைத் திறந்துடுவான்." இரண்டு பக்க வாதமும் எனக்கு நியாயமாகப் பட்டது. நான் நடுவில் நின்றேன். நடுவில் நிற்பது பொறுப்பான காரியம் என்று அப்போது நினைத்தேன்.

பேசிப் பேசியே நேரத்தைக் கடத்துவதுதான் பணயக்கைதிகளை மீட்பதில் பாதி வித்தை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் இறந்த பிறகு, நியூயார்க் காவல்துறை இதற்கென்று ஒரு குழுவை உருவாக்கியது. உளவியல் படித்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க்கும் ஃபிராங்க் போல்ஸ் என்கிற அதிகாரியும் சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தார்கள். அவசரப்படாதே, கதவை உடைக்காதே, பேசு. நேரம் போகப் போக உள்ளே இருப்பவனின் கோபம் தணியும், பசிக்கும், தூக்கம் வரும், பிடித்து வைத்திருப்பவரை மனிதராகப் பார்க்க ஆரம்பிப்பான். இன்னொரு விதியும் இந்தத் துறையில் உண்டு: பேசுகிறவர் முடிவெடுக்கக் கூடாது, முடிவெடுக்கிறவர் பேசக் கூடாது. பேசுகிறவர் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும்.

ஆறு பேர் கலத்தில் இந்த விதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. முடிவெடுப்பதும் நான், கதவருகே நின்று பேசுவதும் நான். பூமியிடம் கேட்கலாம் என்றால், செவ்வாயின் தூரத்துக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரக் குறைந்தது 3 நிமிடம், கோள்கள் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் 22 நிமிடம் வரை, பதில் வர அதே அளவு இன்னொரு முறை. அழுதுகொண்டிருக்கும் ஒருவனிடம் அரை மணி நேரத்துக்கு ஒரு வாக்கியம் பேச முடியுமா? எங்கள் விளையாட்டில் பூமியாக இருந்தவன் இரண்டு நிமிடம் கழித்தே ஒவ்வொரு சீட்டையும் நீட்டினான். வந்த பதில் எல்லாமே நாங்கள் ஏற்கெனவே தாண்டி வந்துவிட்ட கேள்விக்கான பதில்.

அப்புறம் காற்று.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். கன அளவில் மணிக்கு 22 லிட்டர் அளவுக்கு வரும். எங்கள் பின்பகுதி 60 கன மீட்டர் என்று வைத்திருந்தோம், அதாவது 60,000 லிட்டர் காற்று. உள்ளே இரண்டு பேர். காற்றைச் சுத்திகரிக்கும் அமைப்போடு தொடர்பை அறுத்துவிட்டால் மணிக்கு 0.07 சதவீதம் போல ஏறும், 30 மணி நேரத்தில் 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாம் வெளியில் சுவாசிக்கும் காற்றில் இருப்பது வெறும் 0.04 சதவீதம். 2 சதவீதம் என்பது உயிரை எடுக்காது, ஆனால் தலைவலி, மூச்சிரைப்பு, சோர்வு, யோசனை மந்தம். 1970-இல் நிலாவுக்குக் கிளம்பி வழியில் பழுதான அப்போலோ 13 கலத்தில் மூன்று பேர் சதுர வடிகட்டியை வட்டத் துளையில் பொருத்த அட்டையும் பிளாஸ்டிக் உறையும் டேப்பும் வைத்துப் போராடியது இந்த வாயுவோடுதான்.

எடை இல்லாத இடத்தில் இன்னொன்றும் நடக்கும். பூமியில் நாம் விடும் மூச்சு சூடாக இருப்பதால் மேலே எழும்பிக் கலைந்துவிடும். அங்கே மேல் என்பதே கிடையாது. மின்விசிறி ஓடாவிட்டால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே ஒரு குமிழி மாதிரி நிற்கும், அதையேதான் திரும்ப இழுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகள் ஓயாமல் ஓடுகின்றன, தூங்கும் பெட்டிக்குள்ளும் காற்றோட்டம் வேண்டும்.

எங்கள் கலத்தில் எல்லா மின்விசிறிகளுக்குமான சுவிட்ச் முன்பகுதியில் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரத்தில்.

பைலட் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். "ஃபேனை நிறுத்திடலாம். சாகமாட்டாங்க. தலை சுத்தும், சோர்ந்து போவான், அப்ப கதவைத் திறந்துடலாம்" என்றாள். "தம்பியும் உள்ளதானே இருக்கான்" என்று புவியியல்காரன் கத்தினான். "ஒரு ஆளுக்குத் தலைவலி வருது, மத்த நாலு பேரு உயிரோட ஊருக்குப் போறோம்" என்று கணினிக்காரன் சொன்னான். கவனியுங்கள், இதில் யாரும் கெட்டவர் இல்லை. பைலட் அப்படிச் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் யார் யாரைப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குச் சட்டென்று மாறித் தெரிந்தது. உள்ளே ஒருவனிடம் ஒருவன். வெளியே எங்களிடம் இருவரின் மூச்சு.

அதிகாரம் என்று பார்த்தால் எனக்கு இருந்தது. ஷட்டில் காலத்து விதியிலேயே கமாண்டருக்கு அந்த உரிமை எழுதப்பட்டிருந்தது: கலத்தின் பாதுகாப்புக்குத் தேவை என்று அவர் கருதினால் உள்ளே இருக்கும் யாரையும் கட்டுப்படுத்தி வைக்கலாம், தரைக்கு வந்து உரியவர்களிடம் ஒப்படைக்கும் வரை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் ஒரு நடத்தை விதித்தொகுப்பு உண்டு. குற்றம் நடந்தால் குற்றம் செய்தவரின் நாடு விசாரிக்கலாம் என்று 1998 ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. மனநிலை முற்றிலும் பிறழ்ந்த ஒருவரை என்ன செய்வது என்பதற்கும் நாசாவின் மருத்துவக் கையேட்டில் படிப்படியாக எழுதியிருந்தது, 2007-இல் அது செய்தியானது: மணிக்கட்டையும் கணுக்காலையும் டேப்பால் சுற்று, எலாஸ்டிக் கயிற்றால் கட்டு, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடு, செய்வதை அவரிடம் சொல்லிக்கொண்டே செய். கடைசி வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

இந்த விதிகள் எல்லாமே ஒருவர் பிறழ்ந்துவிட்டார், மற்றவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. மற்றவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது டேப்பை யார் எடுப்பது என்பதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை.

பிரிவது நடக்காத காரியமும் இல்லை. 1999-இல் மாஸ்கோவில் ஒரு விண்வெளி நிலையத்தைப் போலவே அறைகளைக் கட்டிப் பல நாட்டுக் குழுக்களை உள்ளே அடைத்துச் சோதனை செய்தார்கள். புத்தாண்டு இரவில் இரண்டு ரஷ்யர்களுக்குள் ரத்தம் தெறிக்கிற அளவுக்கு அடிதடி. அதே இரவில் குழுத் தலைவர் ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்த பெண் ஆராய்ச்சியாளரை வலுக்கட்டாயமாக முத்தமிட முயன்றார். அப்புறம் அறைகளுக்கு இடையில் இருந்த கதவு மூடப்பட்டது, ஜப்பானிலிருந்து வந்தவர் சோதனையை விட்டே வெளியேறினார். அவரால் வெளியேற முடிந்தது, ஏனென்றால் வெளியே மாஸ்கோ இருந்தது.

குழுவுக்குள் மூளும் எரிச்சலைத் தரைமேல் திருப்பிவிடுவது விண்வெளி வீரர்களிடம் வழக்கமாக நடக்கிறது என்று நிக் கேனஸ் என்கிற மனநல மருத்துவர் ஷட்டில் காலத்து, ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையக் காலத்து ஆய்வுகளில் கண்டார். 1973 கடைசியில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் இருந்த மூன்று பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அதில் இருந்த எட் கிப்சன் பலமுறை சொல்லிவிட்டார். உண்மையில் நடந்தது, வேலைப்பளு தாங்காமல் டிசம்பர் 30 அன்று தரையோடு மனம்விட்டுப் பேசினார்கள், அட்டவணை இளகியது, 84 நாளை முடித்துவிட்டு வந்தார்கள். வேலைநிறுத்தக் கதைதான் நிலைத்தது, அந்தப் பேச்சு யாருக்கும் நினைவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்களிடம் அந்தப் பேச்சு நடக்கவில்லை. காரணம் நான்.

நான் பூமிக்கு ஒரு சீட்டு எழுதினேன்: மின்விசிறியை நிறுத்த அனுமதி வேண்டும், புவியியல்காரனை இதில் நம்ப முடியாது. யாருக்கும் காட்டவில்லை. பதிலுக்குக் காத்திருந்த இரண்டு நிமிடத்தில் கதவருகே போய் இன்ஜினியரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பதில் வந்தது, உன் முடிவு என்று. அந்தத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் புவியியல்காரன் அதைக் கையில் வைத்திருந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் விளையாட்டு முடியும் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் கதவருகே குனிந்து எதையோ அடியில் தள்ளுவதைப் பார்த்தேன். பைலட் ஓடிப் போய்த் தடுக்கப் பார்த்தாள், தாள் உள்ளே போய்விட்டது.

"காட்டிக் கொடுத்துட்டான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கப்பல்களில் இது பழைய கதை. 1789 ஏப்ரல் 28 அன்று பவுண்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் வெடித்தது. கேப்டன் பிளையையும் அவரோடு 18 பேரையும் ஏழு மீட்டர் நீளப் படகில் இறக்கிவிட்டார்கள், தண்ணீர் விளிம்பைத் தொடுகிற அளவுக்குப் பாரம். அவரோடு போக நினைத்த எல்லோருக்கும் படகில் இடம் இல்லை. கப்பலுக்கு ஆயுதத் தச்சனும் மரத்தச்சர்களும் வேண்டும் என்று கலகக்காரர்கள் மூன்று பேரை வலுக்கட்டாயமாக நிறுத்திக்கொண்டார்கள். உங்களுக்கு நான் நியாயம் செய்வேன் என்று பிளை படகிலிருந்து கத்தினார். அந்த மூன்று பேரும் பின்னால் தாஹிட்டியில் கலகக்காரர்களாகவே கைது செய்யப்பட்டார்கள், விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள், வழியில் அவர்களை ஏற்றிப் போன கப்பலும் மூழ்கியது, தப்பிப் பிழைத்து 1792-இல் இராணுவ விசாரணைக்குப் பிறகுதான் விடுதலை. எந்தப் பலகையில் நின்றார்கள் என்பதை வைத்தே மூன்று வருடம் அவர்கள் யார் என்று தீர்மானிக்கப்பட்டது.

இன்னொன்று நமக்கு நெருக்கமான காலம். அஸ்ஃபால்ட் வென்ச்சர் என்ற கப்பலை 2010 செப்டம்பரில் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் பிடித்தார்கள். 15 மாலுமிகளும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் கொடுக்கப்பட்டது. எட்டுப் பேரை விட்டார்கள், ஏழு பேரை நிறுத்திக்கொண்டார்கள், இந்தியச் சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்று. அந்த ஏழு பேர் வெளியே வந்தது 2014 அக்டோபர் கடைசியில். ஒரே கப்பல், ஒரே குழு. யாரோ ஒருவன் விரலை நீட்டி நீ போ, நீ இரு என்றிருப்பான்.

விண்கலத்தில் இருக்கைக் கணக்கு இன்னும் கறாரானது. 2022 டிசம்பரில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயூஸ் எம்.எஸ்.-22 கலத்தில் குளிரூட்டும் திரவம் கசிந்துவிட்டது. மூன்று பேருக்கு அதுதான் உயிர்ப்படகு. சோயூஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பை அச்செடுத்துச் செய்த இருக்கை மெத்தை உண்டு, ஒருவருடையதில் இன்னொருவர் சரியாக உட்கார முடியாது. அதனால் அந்த மூவரில் ஒருவரான அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோவின் மெத்தையைப் பெயர்த்து ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள், அவசரம் வந்தால் அதில் ஏறட்டும் என்று. கடைசியில் அவர் 371 நாள் மேலே இருந்துவிட்டு வந்தார். 1997 பிப்ரவரியில் மிர் நிலையத்தில் தீப்பிடித்தபோது ஆறு பேர் இருந்தார்கள், இரண்டு சோயூஸ், அதில் ஒன்றுக்குப் போகும் வழியில் நெருப்பு. இரண்டிலும் யாரும் யாரையும் கைவிடவில்லை. ஆனால் கணக்கு எல்லோர் மனதிலும் ஓடியிருக்கும், ஓடாமல் இருக்குமா?

எங்கள் நான்கு பேர் மனதிலும் ஓடியது அந்தக் கணக்குதான். ஒன்றா நான்கா. அதில் ஒரு தவறும் இல்லை என்று இன்றும் வாதிடலாம். வாதிட்டும் இருக்கிறேன்.

விளையாட்டு எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் மின்விசிறியை நிறுத்தினேன். கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தபோது கதவு தானாகத் திறந்தது. இன்ஜினியர் வெளியே வந்து எதுவும் பேசாமல் சோபாவில் உட்கார்ந்தான். தம்பி பின்னாலேயே வந்தான். பைலட் எஞ்சினை இயக்கினாள், கலம் திரும்பியது. எல்லோரும் உயிரோடு. பூமியாக இருந்தவன், "ஜெயிச்சுட்டீங்க" என்று கைதட்டினான், கூட யாரும் தட்டவில்லை. கதைப்படி அதற்கப்புறம் எட்டு மாதம் நாங்கள் ஆறு பேரும் அதே கலத்தில் பூமிக்குத் திரும்பி வர வேண்டும். அதை ஆட யாருக்கும் மனம் வரவில்லை.

1973 ஆகஸ்டில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நான்கு வங்கி ஊழியர்கள் ஆறு நாள் பெட்டக அறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் உள்ளேயிருந்து பிரதமர் ஊலோஃப் பால்மேக்கே போன் செய்து, கொள்ளைக்காரர்களோடு எங்களை வெளியே போகவிடுங்கள் என்று கேட்டார். பிரதமர் மறுத்துவிட்டார். கொள்ளைக்காரர்களைவிடப் போலீஸ் பாய்ந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம் என்று கிறிஸ்டின் சொன்னது உலகம் முழுக்கப் பரவி, அதற்கு அந்த நகரத்தின் பெயரிலேயே ஒரு நோய்ப்பெயரும் வந்துவிட்டது. நான் நோய் எதுவும் பிடித்தவள் இல்லை, பிழைக்க வழி பார்த்தேன் என்று பின்னாளில் அவர் சொன்னார். முதலில் இதைப் படித்தபோது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அன்று இரவு தம்பி சொன்னதோடு சேர்த்துப் பார்த்தபோது பிடிபட்டது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் மட்டும் இருந்தான். நாற்காலிகளை இழுத்துப் போட உதவிக்கொண்டே சொன்னான், "உள்ள நல்லா கேட்டுச்சுண்ணா. கதவு அவ்வளவு தடிமன் இல்ல. நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. விளையாட்டுதானே என்று ஏதோ சொன்னேன்.

"தெரியும்ணா. ஆனா எண்ணிப் பார்த்தேன், உள்ள வேற வேலை இல்லையே. முதல்ல ஒரு தடவை தம்பின்னீங்க. அப்புறம் புவியியல் அண்ணன் ஒரு தடவை சொன்னாரு. மத்தபடி 'ஒரு ஆள்', 'உள்ள இருக்குறவன்', 'அந்த ஒண்ணு'. இன்ஜினியர் அண்ணனுக்கும் கேட்டுச்சு. அவரு அப்பதான் முதல் தடவையா என் மூஞ்சியப் பார்த்தாரு. 'உன்னை எண்ணிட்டாங்கடா'ன்னாரு. அதுக்கப்புறம் அவருக்குக் கதவைச் சாத்தி வைக்கவே பிடிக்கல."

ஆக நான் கதவருகே நின்று பேசிய எதுவும் அதைத் திறக்கவில்லை. மின்விசிறியும் திறக்கவில்லை.

தம்பி பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். புவியியல்காரன் கதவுக்கு அடியில் தள்ளியது. அதில் என் திட்டத்தையெல்லாம் எழுதியிருப்பான், இன்ஜினியரை உஷார்ப்படுத்தியிருப்பான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அவசரமாகக் கிறுக்கிய மூன்று வரி:

"தம்பி, ஃபேனை நிறுத்தப் போறாங்க. பயப்படாதே. மூஞ்சிக்கு முன்னால கையால விசிறிக்கிட்டே இரு, தூங்கிடாதே."